ஹேர்பீஸ் என்றார்கள், எச்.ஐ.வி-யும் பார்க்கச் சொல்கிறார்கள். என் கணவரைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை

அலையோரம்34 எழுதியது:

வணக்கம். இதைக் கேட்க எனக்கு வீட்டில் ஒருவரும் இல்லை, கூடப்பிறந்த அக்கா தங்கச்சியும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வயது 34. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி வீட்டில் இருக்கிறோம். நான், ஆறு வயது மகள், மாமி. கணவருக்குக் கட்டாரில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவில் வருவார். இந்தத் தடவை ஆடிவேலுக்கு வந்து நின்றார். போய் இரண்டரைக் கிழமை ஆகிறது.

அவர் போன ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு பயம்தானே. இரத்தம் பார்த்தேன், பிளேட்லெட் குறையவில்லை. ஆனால் இடுப்பிலிருந்து தொடை வரை ஒரே உளைவு. கவட்டுக்குள் இரண்டு பக்கமும் நெறி போட்டிருந்தது. அடுத்த நாள் சலம் போகும்போது நெருப்புப் பட்டது போல எரிந்தது. கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சவ்வரிசி மணிகளை ஒட்டி வைத்தது போல ஒரு பக்கத்தில் ஏழெட்டு, மறுபக்கத்தில் மூன்று கொப்புளங்கள். இரண்டு நாளில் எல்லாம் உடைந்து புண்ணாகிவிட்டன.

பாமசியில் கேட்டேன். கொப்புளம் என்று சொல்ல வாய் வரவில்லை, கடிக்கிறது என்று மட்டும் சொன்னேன். பங்கஸ் கிரீம் ஒன்று தந்தார்கள். அதைப் பூசிப் பூசி நான்கு நாள் போனது. எரிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். ஏன் இப்படி நடக்கிறாய் என்று மாமி கேட்டபோது தொடையில் கட்டு என்று பொய் சொன்னேன்.

முந்தாநாள் ஒரு பெண் டொக்டரிடம் போனேன். லைட் அடித்துப் பார்த்த உடனேயே ஹேர்பீஸ் என்றார், உறவில் தொற்றும் ஒரு வைரசாம். அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், நாளைக்கு மூன்று, பத்து நாளைக்கு எழுதினார். அதோடு, கொழும்பு 10, டி சேரம் பிளேசில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்கு ஒரு துண்டும் தந்தார். எச்.ஐ.வி-யும், உறவில் தொற்றும் இன்னொரு நோயான சிபிலிசும் பார்க்கட்டாம். அதைக் கேட்டதிலிருந்து கை கால் ஓடவில்லை.

திருமணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு இவரைத் தவிர யாருமில்லை. அப்படியென்றால் இவர் அங்கே யாரிடமாவது போயிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஆனால் விசாவுக்கு எச்.ஐ.வி பார்த்துத்தானே போனார்? அது சுத்தமாக இருந்தால் இது எங்கிருந்து வந்தது? என்னைப் போன்ற ஒருத்திக்கு இந்த வருத்தம் வர என்ன காரணம் இருக்க முடியும்?

இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டுக்கொண்டு இருந்தோம். அது இனி முடியாதா? மகளோடு ஒரே கட்டிலில்தான் படுக்கிறேன். துவாய், சவர்க்காரம் எல்லாம் பொது. அவளுக்கு ஏதும் ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் கிளினிக்குக்குப் போகவில்லை.

ரவி தெகிவளை எழுதியது:

சகோதரி, முதலில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். தனியார் லாப்களில் ஹேர்பீசுக்கு ஐ.ஜி.எம் என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது பொசிட்டிவ் என்றால் புதிதாக வந்தது, இல்லாவிட்டால் பழையது என்று என் நண்பர் ஒருவருக்குச் சொன்னார்கள். அதைச் செய்தால் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். உண்மை தெரியாமல் நீங்கள் வதைபடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற மிஸ் எழுதியது:

ரவி தம்பி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழைய ஹேர்பீஸ் திரும்பக் கிளம்பும்போதும் ஐ.ஜி.எம் வரும். ஹேர்பீசில் இருக்கும் இரண்டு வகை வைரசையும் அது சரியாகப் பிரித்துக் காட்டாது. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு குடும்பம் உடைந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஐ.ஜி.ஜி என்பது வைரசுக்கு எதிராக உடம்பு செய்யும் வேறொரு எதிர்ப்புப் பொருள். அது உடம்பில் தெரியவே சில கிழமைகள் எடுக்கும், சிலருக்கு மூன்று மாதமும் ஆகும். குறைந்த அளவில் பொசிட்டிவ் என்று வந்தால் அது பிழையாகவும் இருக்கலாம்.

தங்கச்சி, நான் தாதியாக 31 வருடம் வேலை செய்தவள். அதில் நிறைய வருடம் பால்வினை நோய்ப் பகுதியில். உங்களைப் போல் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்று அழுத எத்தனையோ பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

முதலில் ஒரு வேலை. கிளினிக்குக்கு நாளைக்கே போங்கள், புண் காய முதல். காயாத புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்து பி.சி.ஆர் என்ற வைரஸ் பரிசோதனை செய்தால்தான் எந்த வகை என்பது தெரியும். மருந்து தொடங்கிவிட்டீர்கள், நாள் போகப் போக அது கிடைக்காது. வகை தெரிவது ஏன் முக்கியம்? எச்.எஸ்.வி என்றால் ஹேர்பீஸ் வைரஸ். எச்.எஸ்.வி 2 பெரும்பாலும் கீழே வருகிற வகை, எச்.எஸ்.வி 1 என்பது உதட்டில் வருகிற வகை. காய்ச்சல் வந்து போனால் சிலருக்கு உதட்டோரம் கொத்தாக வெடிக்குமே, அது. 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட உலகம் முழுவதும் அதைச் சுமக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் பெரியவர்கள் கொஞ்சிய முத்தத்திலேயே வந்திருக்கும். அது வாயிலிருந்து கீழேயும் தொற்றும். வெட்கப்படாமல் கேட்கிறேன்: கணவருக்கு உதட்டில் அப்படி வருமா? இந்த லீவில் வந்திருந்ததா? யோசித்துப் பாருங்கள்.

எச்.எஸ்.வி 2 என்றாலும் உடனே கணவர் இப்போது பிழை செய்தார் என்று முடிவு கட்ட முடியாது. இந்த வைரஸ் முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்பு முடிச்சுக்குள் போய்ப் படுத்துவிடும். வருடக்கணக்காகச் சத்தமே போடாது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. புண் ஒன்றும் இல்லாத நாளிலும் தோலிலிருந்து வைரஸ் கசியும். கணவருக்கு உங்களைத் திருமணம் செய்ய முன்னர் இருந்ததாகவும் இருக்கலாம். காய்ச்சலும் நெறியும் சேர்ந்து வந்ததைப் பார்த்தால் உங்களுக்குப் புதிதாகத் தொற்றியது போலத்தான் தெரிகிறது. ஆனால் அவருக்கு எப்போது தொற்றியது என்பதை உங்கள் புண் சொல்லாது.

விசாப் பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். அதில் ஹேர்பீஸ் பார்ப்பதில்லை. எச்.ஐ.வி முடிவும் அன்று வரைக்கும்தான், அதற்குப் பிறகு நடந்ததற்கு அது சாட்சி சொல்லாது.

உங்களுக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். பெண்ணாக இருப்பதே பாதிக் காரணம் தங்கச்சி. மெல்லிய சவ்வு நமக்குத்தான் அதிகம், ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போவது மறுபக்கத்தை விட இலகு. உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் எச்.எஸ்.வி 2 உள்ள பெண்கள் 31 கோடிக்கு மேல், ஆண்கள் 18 கோடிக்குக் கிட்ட. வயது ஏற ஏறக் கூடும். இளவயதில் உறவு தொடங்கியிருந்தால், வேறு பால்வினை நோய் இருந்தால், யோனியில் கிருமிச் சமநிலை கெட்டு மீன் வாடை போல வெள்ளை போகும் நிலை இருந்தால், எல்லாவற்றிலும் ஆபத்துக் கூடும். அந்த வெள்ளைக்காகக் கிருமி கொல்லி கலந்து உள்ளே கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நிலைமை இன்னும் கெடும். எத்தனை பேரோடு உறவு என்பதும் பெரிய காரணம்தான். ஆனால் அந்தக் கணக்கு உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை, உங்கள் கணவருடையதும் உங்கள் தலையில்தான் வந்து விழுகிறது. ஒரே ஆணோடு வாழ்ந்த பெண்கள் எங்கள் வாங்கில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தியும் தன்னிடம் என்ன பிழை என்றுதான் முதலில் கேட்பாள்.

எச்.ஐ.வி பார்க்கச் சொன்னது உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. எச்.எஸ்.வி 2 உள்ளவருக்கு எச்.ஐ.வி தொற்றும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு. புண் ஒரு திறந்த கதவு என்பது ஒரு காரணம். இன்னொன்று உண்டு: புண் வந்த இடத்துக்கு உடம்பு தன் காவல் செல்களை அனுப்புகிறது. எச்.ஐ.வி பிடித்து நுழைவது அதே செல்களைத்தான். புண் ஆறிய பிறகும் அவை அங்கே கிழமைக்கணக்காக நிற்கும். அதனால்தான் ஹேர்பீஸ் மருந்தைத் தினமும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் எச்.ஐ.வி தொற்றுவது குறையவில்லை. ஆகவே ஹேர்பீஸ் என்று கண்டால் எவராக இருந்தாலும் எச்.ஐ.வி-யும் சிபிலிசும் பார்ப்பது வழக்கம்.

மகள் விஷயம்: துவாயிலும் சவர்க்காரத்திலும் கழிவறையிலும் இது பரவாது, வெளியில் அதிக நேரம் உயிரோடு நிற்காது. அணைத்துக்கொண்டு படுங்கள். புண்ணைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள், அவ்வளவுதான்.

சலம் போகும்போது மேலே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போங்கள், அல்லது அகலமான பேசினில் தண்ணீர் விட்டு அதில் இருந்துகொண்டே போங்கள். எரிவு பாதியாகும். தண்ணீர் குடிக்காமல் விடவே கூடாது. அடக்கி அடக்கிக் கடைசியில் சலம் போகவே முடியாமல் டியூப் போட வேண்டி வந்தவர்கள் உண்டு.

பிள்ளை பெறலாம், தாராளமாக. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதன்முதலாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து; அப்போது பிறக்கும் குழந்தைகளில் 30 முதல் 50 சதவீதம் வரை தொற்றலாம். முன்னரே வந்து, தாய்க்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தால் 100-இல் ஒன்று என்ற அளவுதான். 36-ஆம் கிழமையிலிருந்து மாத்திரை தருவார்கள். நோவு எடுக்கும் நேரம் புண் இருந்தால் சிசேரியன். ஒன்று மட்டும் செய்யுங்கள்: கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

மிஸ் எல்லாம் சொல்லிவிட்டார். நான் மறுகரையில் நிற்பவள். எனக்கு எச்.ஐ.வி இருக்கிறது, ஹேர்பீசும் இருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்துதான் வந்தன. அவர் இப்போது உயிரோடு இல்லை. தங்கச்சி பயப்படுகிற இடம் எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்து சொல்கிறேன்.

2012-இல் எனக்குப் பின்பக்கம், ஆசனவாய்க்குக் கிட்ட ஒரு புண் வந்தது. ஒரு தனியார் இடத்தில் மூலம் என்று சொல்லிக் களிம்பு தந்தார்கள். ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் இருந்தது ஒரு மாதத்தில் உள்ளங்கைக்குப் பாதியாகிவிட்டது. இரண்டு மாதம் நான் நேராக உட்காரவில்லை. பஸ்ஸில் சீற் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் போவேன், சனம் ஒரு மாதிரிப் பார்க்கும். மூலம் அப்படிப் படராது என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் என் கணவருக்குக் கசம் வந்தது. அங்கே அவருடைய இரத்தத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னுடையதை. என் சி.டி.4 எண்ணிக்கை, அதாவது எச்.ஐ.வி அழிக்கிற காவல் செல்களின் கணக்கு, 96 ஆகக் குறைந்திருந்தது.

ஒரு மாதம் தாண்டியும் ஆறாத ஹேர்பீஸ் புண் என்பதே எச்.ஐ.வி முற்றியதற்கு ஓர் அடையாளம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதனால் இதை வாசிக்கிற எல்லாப் பெண்களுக்கும் சொல்கிறேன். எச்.ஐ.வி இல்லாதவருக்குத் திரும்ப வருகிற புண் ஒரு கிழமை, பத்து நாளில் காய்ந்துவிடும். மாதக்கணக்கில் நின்றால், அடிக்கடி வந்தால், அக்கி ஒரு தடவைக்கு மேல் வந்தால், அன்றைக்கே இரத்தம் பாருங்கள். அக்கியும் கொப்பளிப்பானும் இதே குடும்பத்து வைரஸ்தான்.

டி சேரம் பிளேசுக்கு முதல் நாள் போனபோது கேற்றைத் தாண்டி நடந்து போய், திரும்பி வந்து, மீண்டும் தாண்டிப் போய், மூன்றாம் தடவைதான் உள்ளே போனேன். தெரிந்த முகம் ஏதும் வருமோ என்ற பயம். உள்ளே காசு கேட்கவில்லை. எனக்கு ஓர் இலக்கம் தந்தார்கள், இன்றைக்கும் அந்த இலக்கம்தான் நான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

எச்.ஐ.வி மருந்து தொடங்கி இரண்டாம் மாதம் புண் முன்னரை விட மோசமாகக் கிளம்பியது. மாத்திரை வேலை செய்யவில்லை, போச்சு என்று நினைத்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும்போது அப்படி ஆகும், மருந்தை விடாதே என்றார் டொக்டர். அசைக்ளோவிரும் காலை மாலை என்று ஒரு வருடம் போட்டேன். இப்போது சி.டி.4 500-க்கு மேல். எச்.ஐ.வி என் இரத்தத்தில் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. ஹேர்பீஸ் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, தொடையில் ஒரு சின்னக் குத்தலோடு தலை காட்டும். குத்தல் தொடங்கிய அன்றே மாத்திரையைப் போட்டால் கொப்புளம் வெடிக்க முதலே அடங்கிவிடும்.

எனக்கு இப்போது ஒரு துணை இருக்கிறார். தொடங்க முதலே சொன்னேன், இரண்டையும் சொன்னேன். எச்.ஐ.வி அளக்க முடியாத அளவில் இருந்தால் உறவில் தொற்றாது. அதைக் கேட்டு அவர் நிம்மதியானார். ஆனால் ஹேர்பீசுக்கு அந்த உறுதி கிடையாது. எச்.ஐ.வி மருந்து எடுத்தாலும் ஹேர்பீஸ் கசிவது முழுதாக நிற்பதில்லை. எங்களைப் போன்றவர்களில் நிறையப் பேருக்கு இது புரிவதில்லை. பல நாடுகளில் எச்.ஐ.வி உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எச்.எஸ்.வி 2-வும் இருக்கிறது. இரண்டும் ஒரே வழியால் வருகிறவை, ஒன்று மற்றதற்கு வழி விடுகிறது. அதனால் நாங்கள் ஆணுறையை விட்டதில்லை. அது மூடாத இடத்திலும் ஹேர்பீஸ் இருக்கலாம், ஆனாலும் பெருமளவு காக்கும். குத்தல் வந்தால் முழுதாக ஆறும் வரை ஒன்றும் இல்லை.

தங்கச்சி, அவர்தான் கொண்டு வந்தாரா என்று எத்தனை இரவு நான் கிடந்து யோசித்தேன் தெரியுமா? அவருடைய முடிவு தெரிந்த பிறகும் அந்த யோசனையில் என் இரத்தத்தைப் பார்க்க வேண்டிய எட்டு மாதம் போனது. கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. நாளைக்குக் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து கோபப்படுங்கள்.

ரவி தெகிவளை எழுதியது:

மிஸ், அந்தப் பரிசோதனை பற்றி நான் பிழையாகத் தெரிந்து வைத்திருந்தேன். நண்பருக்கும் சொல்லிவிடுகிறேன். அக்கா, இதை எழுதியதற்கு நன்றி.

அலையோரம்34 எழுதியது:

போய் வந்தேன். அக்கா, நானும் கேற்றைத் தாண்டி ஒரு தடவை நடந்தேன். பிறகு உங்களை நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளவத்தையில் ரயிலேறி மருதானையில் இறங்கி, ஓட்டோ பிடித்துப் போனேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் விட முதல் திரும்ப முடிந்தது. உள்ளே தமிழில் கதைக்க ஒரு மிஸ் இருந்தார். இடது பக்கத்தில் ஒரே ஒரு புண் இன்னும் காயாமல் ஈரமாக இருந்தது, அதிலிருந்து குச்சியால் எடுத்தார்கள். எரிந்தது, ஆனால் ஒரு நொடிதான். முடிவு வர நாள் எடுக்கும். எச்.ஐ.வி நெகட்டிவ், சிபிலிசும் நெகட்டிவ். ஆனால் அவர் கடைசியாக நின்ற நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து எச்.ஐ.வி-யை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அட்டையில் திகதி போட்டுத் தந்தார்கள். கணவர் அடுத்த லீவில் வரும்போது அவரையும் கூட்டி வரச் சொன்னார்கள். அதுவரைக்கும் அங்கே பார்க்கச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டேன். இங்கே வந்து பார்ப்பது அவருக்கு நல்லது என்றார்கள்.

மிஸ், நீங்கள் கேட்டதை இரண்டு இரவு யோசித்தேன். அவர் வந்த இரண்டாம் கிழமை அவருக்குத் தடிமனும் காய்ச்சலும். கீழுதட்டின் வலது ஓரத்தில் கொத்தாக வெடித்திருந்தது. தேங்காயெண்ணெய் பூசிவிட்டதே நான்தான். அதுதானா என்று எனக்குத் தெரியாது. குச்சியின் முடிவு வரும் வரை அதுதான் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளவும் மாட்டேன், அது இல்லை என்று அவரைக் குற்றம் சொல்லவும் மாட்டேன்.

பேசின் தண்ணீர் பெரிய உதவி மிஸ். நேற்று முதல் தடவையாக ஒரு போத்தல் தண்ணீர் முழுதும் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு மாமி மகளைக் கூட்டிக்கொண்டு மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போவா. எங்களுக்குப் பன்னிரண்டரை என்றால் அங்கே பத்து மணி. அந்த நேரம் எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறேன். உடம்புக்கு ஏதுமா என்று உடனே கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று மட்டும் எழுதினேன்.